சங்குமுனைக் கோயிலின் தரை

சங்குமுனைச் செபமாலை மாதா கோயிலைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் எங்கள் குடும்பத்தின் பெயரைச் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போக முடியாது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நடந்தது அப்படி. கோயிலை முன்னின்று கட்டுவித்த மூப்பர் மரியாம்பிள்ளை எங்கள் பேரனார், தகப்பனின் தகப்பன். மூப்பர் என்றால் சுவாமியாருக்கு அடுத்தபடியாக ஊர்க்கோயிலைப் பொறுப்பாகப் பார்ப்பவர். அந்த நாளில் மீன்பிடிப் பாடு முடிந்து வந்த வள்ளங்கள் மீனை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. மறுபடி கடலுக்குப் போய்க் கடலடிப் பாரில் இருந்து முருகைக்கல் ஏற்றி வந்தன. பெண்கள் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றினார்கள். கூலி வாங்கிய கை ஒன்றுகூட அந்தச் சுவரில் படவில்லை. ஒரு சுவரைக் கட்டி முடிக்கத் தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலம் முழுவதும் போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அவசரப்படாத வேலை.

கோயில் வாசல் வடக்கே கடலைப் பார்த்திருந்தது. நாங்கள் பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சுவாமியார் அமைதியாகச் செபிக்கச் சொல்லும் நேரத்தில் அலைச் சத்தம் மட்டும் உள்ளே வரும். பீடத்துக்கு மேலே பலகையில் நீலமடித்து நட்சத்திரம் கீறியிருந்தது. அந்த நீலம் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின நீலம். வேறு ஊர்க்காரர் வந்தால் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பார்கள்.

உட்கார வாங்கு கிடையாது. சிவப்புச் சீமெந்துத் தரையில்தான் எல்லோரும் இருந்தோம். பீடத்தைப் பார்க்கும்போது வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒவ்வொரு இடம். எவரும் எழுதி வைக்கவில்லை, எவரும் மாற்றவும் இல்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் பரலோக மந்திரம் படிக்க முதல் தங்கள் இடத்தைப் படித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டாரின் இடம் முன்வரிசையில், தூணோடு. தூணோரம் பெரியப்பா மகன் சந்தியோகு அண்ணை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி அருளப்பு. அதற்குப் பக்கத்தில் நான்.

போர் நாளில் இடம்பெயர்ந்து குருநகருக்குப் போனபோது ஞாயிறு பூசைக்காக எங்கள் ஊராருக்கு ஒரு மண்டபம் தந்தார்கள். கோயிலை விடப் பெரிய மண்டபம். அங்கேயும் நாங்கள் சங்குமுனை வரிசையில்தான் இருந்தோம். குருநகர்ச் சனம் சாளரத்தால் எட்டிப் பார்த்துச் சிரித்தது. “சங்குமுனையார் உறுதிப் பத்திரம் முடிச்ச காணி மாதிரியெல்லே இருக்கினம்” என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். குருநகர்க் கரையில் இருந்து கடலுக்குப் போன அருளப்பு ஒரு வாடைக் காலத்தில் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் அண்ணைக்கும் எனக்கும் நடுவில் அவனுடைய இடம் அப்படியே கிடந்தது. அதில் எவரும் இருக்கவில்லை. மண்டபத்தில் அப்படிப் பல இடங்கள். செத்தவர்களின் இடம், கனடா போனவர்களின் இடம். இடைவெளியை நிரப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. மண்டபம் பெரிதாக இருந்தபடியால் வரிசைகளும் மெல்ல மெல்ல அகன்றுபோயின.

ராணுவம் போட்ட வேலிக்கு அப்பால் எங்கள் கோயில் எப்போது இடிந்தது, எப்படி இடிந்தது என்று ஊரில் எவரும் கண்ணால் காணவில்லை. இல்லை என்ற செய்தி மட்டும் வந்தது. அன்றிலிருந்து கோயிலைக் காப்பாற்றும் பொறுப்பைச் சந்தியோகு அண்ணை தன் வாயில் எடுத்துக்கொண்டார். அவர் பொய் சொல்பவர் அல்ல. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இல்லாத ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது வளர்ந்துகொண்டு போகிறது. அவ்வளவுதான்.

இந்த வருடம் ராணுவம் சங்குமுனைக் காணிகளை ஊராரிடம் விட்டது. அண்ணையின் கடைக்குட்டி லவீனாவுக்குக் குருநகர் ஜெரோசனைப் பேசி முடித்ததும் இதே வருடந்தான். பேச்சு முடிந்த அன்று அண்ணையின் மனைவி பெர்னடெட் மச்சாள் புட்டும் விளைமீன் தீயலும் வைத்துக் கொடுத்தா. கை கழுவிவிட்டு வந்த மாப்பிள்ளையின் தகப்பன் செல்வரட்ணம், வயிற்றைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். நல்ல பாரமான மனிதர்.

“அப்ப சம்மந்தி, கலியாணத்தை எங்கடை கோயிலிலை வைப்பம். கோபுரம் நடுக்கடலிலை நிண்டாலும் தெரியும். வாற சனம் வழி கேக்கத் தேவையில்லை.”

“பொம்பிளையின்ரை ஊர்ப் பங்கிலைதான் கலியாணம். அதுதான் முறை” என்றார் சந்தியோகு அண்ணை.

“முறை சரி. பங்குக்கு ஒரு கோயில் வேணுமெல்லே?”

“கோயில் சங்குமுனையிலை கிடக்குது.”

“இடிஞ்சு போச்செண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“சுவர் போயிருக்கும். கூரை போயிருக்கும். தரையை ஆர் தூக்கிக்கொண்டு போறது? சுவாமியாரிட்டைக் கேட்டிட்டன். தரையிலை பந்தல் போட்டுப் பூசை வைக்கலாம் எண்டிட்டார். உங்கடை குருநகர் முழுக்க வந்திருந்தாலும் பின்னுக்குப் பந்தடிக்க இடம் மிஞ்சும்.”

அடுத்த வீட்டுக் கனிசியஸ் வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். “அண்ணை, போன பெருநாளுக்குச் சொல்லேக்கை பின்னுக்கு வள்ளம் திருப்பலாம் எண்டனீங்கள். இப்ப பந்துதானோ? கோயில் கொஞ்சம் சுருங்கிப் போச்சுப்போலை.”

“நீ வாயிலை கிடக்கிறதைத் துப்பிப்போட்டுக் கதை.”

செல்வரட்ணம் சிரிக்கவில்லை. “சம்மந்தி, உங்கடை சொல்லை நான் தட்டேல்லை. வாற ஞாயிற்றுக்கிழமை என்ரை ஆக்களோடை வந்து பாக்கிறன். இடம் இருந்தா சங்குமுனை. இல்லாட்டிக் குருநகர். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இருக்கக் கூடாது.”

“ஓம். ஒரு கதையும் இல்லை.”

மாப்பிள்ளை வீட்டார் வந்த வான் போன பிறகு லவீனா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அப்பா, எனக்கு எங்கை வைச்சாலும் சரி. என்னத்துக்கு அந்தாளோடை மல்லுக்கட்டுறியள்?”

“உனக்குச் சரி. கோயில் கட்டின வீட்டுப் பிள்ளை, கோயில் இல்லாத ஊர்ப் பிள்ளை எண்ட பேரோடை போறதோ? பூட்டனுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?”

அவள் தட்டுகளைக் கழுவப் போனாள். குருநகரில் பிறந்தவள். சங்குமுனைக் கோயிலைப் படத்தில்கூடக் கண்டதில்லை. தகப்பன் சொல்லத்தான் கேட்டிருக்கிறாள்.

மறுநாளே போனோம். அண்ணை, நான், கனிசியஸ், இன்னும் ஊர்க்காரர் சிலர். கத்தி, மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். சோளகம் முடிகிற காலம். காற்றில் புழுதியும் உப்பும் கலந்து வந்து பல்லில் நறநறத்தது. ஊர் இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றையும் எருக்கலையும் ஆள் உயரத்துக்கு நின்றன. பங்குக் கிணற்றை வைத்துத்தான் கோயில் வளவைப் பிடித்தோம். கிணற்றுக் கட்டில் எங்கள் பேரனார் வைத்த சிலுவை உடையாமல் இருந்தது. அண்ணை அதைத் தடவிவிட்டு, “பாத்தியோ தம்பி, நாங்கள் வைச்சது நிண்டிருக்கு” என்றார்.

பற்றை வெட்டுவது லேசான வேலை அல்ல. நாயுண்ணி முள் கையைக் கிழித்தது. மத்தியானம் கிணற்றடி நிழலில் பாணும் சம்பலும் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினோம். பொழுது சரிகிற நேரம் கனிசியஸின் மண்வெட்டி கிறீச்சென்றது. மண்ணைக் கையால் வழித்தான். சிவப்புச் சீமெந்து.

எல்லோரும் கும்பிட்டோம். அண்ணை முழந்தாளிட்டு அந்தச் சிவப்பை வாய் வைத்துக் கொஞ்சினார். பிறகு எழும்பி, அதன் விளிம்புவரை துப்புரவாக்கச் சொன்னார். நினைத்ததற்கு முன்பே நாலு பக்கமும் விளிம்பு வந்தது. கல் அத்திவாரம் வரிசையாகத் தெரிந்தது. தெற்கே, பீடம் இருந்திருக்க வேண்டிய பக்கத்தில், சீமெந்து உடைந்து குழிந்து கிடங்காகக் கிடந்தது. வடக்கே ஒரு கல் வாசற்படி.

அண்ணை சுற்றி நடந்து பார்த்தார். மறுபடியும் நடந்தார். பிறகு திடமாகச் சொன்னார்: “இது சுவாமியார் உடுப்பு மாத்துற அறை.”

கனிசியஸ் வாசற்படியைக் குனிந்து பார்த்தான்.

“ஓமடா. அறைக்கும் சிவப்புச் சீமெந்துதான் போட்டது. கோயில் இதுக்கு வடக்கை கிடக்குது. கடற்கரைப் பக்கம் மண் மூடிப் போச்சு. நாளைக்கு அங்காலை வெட்டுவம்.”

“அண்ணை,” என்றான் கனிசியஸ் மெதுவாக, “வீடு கட்டேக்கை பாத்திருப்பியள்தானே. அத்திவாரம் மட்டும் நிக்கேக்கை கோழிக்கூடு மாதிரித்தான் தெரியும். சுவர் எழும்பினாத்தான் வீடு.”

“எனக்கு அத்திவாரம் படிப்பியாதை. என்ரை பேரன் கட்டினது கோழிக்கூடு இல்லை.”

“இந்த வாசற்படியைப் பாருங்கோ. நடுவிலை தேய்ஞ்சு குழியாக் கிடக்குது. சுவாமியார் ஒருத்தர் நடந்து கல் இப்பிடித் தேயுமோ?”

அண்ணை அந்தக் கல்லைப் பார்த்தார். அலவாங்கை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் வடக்குப் பக்கம் தோண்டினார். நாங்களும் நின்றோம். மூத்தவர் மண் வெட்டும்போது இளையவர் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டு வழக்கம் அல்ல. வெள்ளை மணல்தான் வந்தது. ஊரியும் சிப்பியும் வந்தன. பழைய நங்கூரத்துத் துண்டு ஒன்று வந்தது. சீமெந்து வரவில்லை. தோண்டிய கிடங்கைக் காற்று பின்னேரத்துக்குள் மூடிவிடும். மறுநாள் அதே இடத்தை மறுபடி வெட்டுவார். சனிக்கிழமை அவருடைய உள்ளங்கை இரண்டும் பொக்களித்திருந்தன.

அன்று பெர்னடெட் மச்சாள் பிளேன்ரீப் போத்தலோடு வந்தா. தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டா. விளிம்பால் ஏறாமல் வாசற்படிவரை சுற்றி வந்து, அதில் கால் வைத்து உள்ளே போனா. கொஞ்ச நேரம் நின்றா. பிறகு வெளியே வந்து புருஷனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தா.

“இஞ்சேருங்கோ. இதுதான் கோயில்.”

“உனக்கென்ன தெரியும்?”

“குமரா இருக்கேக்கை சனிக்கிழமையெல்லாம் நான்தானே கூட்டினனான். வாசல்லை தொடங்கினாப் பீடத்தடிக்குப் போகமுதல் பாட்டு ஒண்டு முடியும். அவ்வளவுதான் கோயில்.”

“பாட்டை மெல்லப் படிச்சிருப்பாய்.”

“நீங்கள் அங்காலை தோண்டினாக் கடல்தான் வரும். கடலுக்குள்ளை கோயில் கட்டின ஆக்களோ நாங்கள்?”

அண்ணை தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய குரல் இறங்கியிருந்தது. “பெர்னடெட், நாளைக்கு அந்தாள் வந்து இதைப் பாத்துப்போட்டு என்ன சொல்லும்? நான் இவ்வளவு காலமாச் சொன்னதெல்லாம்?”

மச்சாள் கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்தா. தரையில் கிடந்த மணலை விளக்குமாற்றால் கூட்டத் தொடங்கினா. வாசலில் இருந்து பீடத்தை நோக்கி.

ஞாயிற்றுக்கிழமை விடியவே எங்கள் ஊரார் பஸ்ஸிலும் லான்ட்மாஸ்ரரிலுமாக வந்துவிட்டார்கள். இடம்பெயர்ந்த பிறகு பலர் ஊர் மண்ணை மிதிப்பது அன்றுதான் முதல் தடவை. காற்று ஓய்ந்திருந்தது. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அண்ணை வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஆனால் அந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்குக் கிடங்குக்குள் நின்றார். கையில் அலவாங்கு. சம்பந்தி வருவதற்கு முன் எப்படியாவது ஒரு துண்டுச் சிவப்பைக் கண்டுவிட வேண்டும் என்ற எண்ணம்.

“குருநகர் ஆக்கள் வரமுதல் ஒரு செபமாலை சொல்லுவம்” என்றா பெர்னடெட் மச்சாள்.

கிணற்றடியில் கால் கழுவினோம். சுவர் இல்லை, எந்தப் பக்கத்தாலும் ஏறலாம். ஆனாலும் முழு ஊரும் சுற்றி வந்து, தேய்ந்த அந்தக் கல்லில் கால் வைத்து, வாசலாலேயே உள்ளே போனது. எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளே போனதும் வலமும் இடமுமாகப் பிரிந்தோம். நான் முன்வரிசைக்குப் போய் என் இடத்தில் இருந்தேன். இடப்பக்கம் கையை நீட்டினால் அருளப்புவின் இடம். அதற்கு அப்பால் அண்ணையின் இடம். அதற்கு அப்பால் ஒரு வட்டக் கல், தரையோடு தரையாக. தூணின் அடி. முதல் நாளே அதன்மேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவன் நான். அப்போது அது எனக்கு வெறும் கல். இருந்து பார்த்தபோதுதான் அது எங்கள் தூண்.

பின்வரிசை வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தது. பக்கத்து வரிசைகள் அத்திவாரக் கல்லை முட்டாமல் நின்றன. அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்பில் இறங்குவதுபோல ஊர் அந்தத் தரையில் இறங்கியது.

லவீனா வந்தாள். பிறந்ததில் இருந்து கண்டிராத கோயில். எங்கே இருப்பது என்று தாயைக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசைக்குப் போய், தாய்க்கும், கனடாவில் இருக்கும் தமக்கையின் வெற்றிடத்துக்கும் நடுவில் முழந்தாளிட்டாள்.

அண்ணை கிடங்குக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இருந்த இடத்தைப் பார்த்தார். வரிசைகளைப் பார்த்தார். முன்வரிசையில் வெறுமையாகக் கிடந்த தன் இடத்தைப் பார்த்தார். அலவாங்கை மணலில் குத்திவிட்டு வெளியே ஏறினார். கிணற்றடியில் கால் கழுவி, மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, வாசலாலே வந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்று சிலுவை அடையாளம் போட்டார். முன்வரிசைக்கு வந்து தூணடியில் இருந்தார். அவருடைய கை தானாக அந்த வட்டக் கல்லில் போய்ப் படிந்தது.

செபமாலையின் முதல் காரணிக்கம், முதல் பத்து மணி, முடிகிற நேரம் வான் வந்து நின்றது. செல்வரட்ணம் முன்னாலும் அவருடைய ஆட்கள் பின்னாலுமாக வந்தார்கள். அவர் நேரே எங்கள் பக்கத்து விளிம்பால் தரையில் ஏறினார். காலில் புதுச் செருப்பு.

“சம்மந்தி! கோயில் எங்கை? இதென்ன, மேடையோ?”

செபம் நின்றது. கனிசியஸ் கண்ணை மூடிக்கொண்டான். ஊர் முழுவதும் அண்ணையின் முதுகைப் பார்த்தது. அவர் எழும்பவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

“நீங்கள் சுவருக்குள்ளாலை வந்திட்டியள், சம்மந்தி.”

செல்வரட்ணம் குனிந்து பார்த்தார். அவருடைய ஒரு கால் அத்திவாரக் கல்லில் நின்றது.

“வாசல் கடற்கரைப் பக்கம். செருப்பைக் கழட்டிப்போட்டு வாசலாலை வாங்கோ.”

அவர் அண்ணையைப் பார்த்தார். கேலி எதுவும் இல்லை என்று கண்டிருக்க வேண்டும். நிலத்தில் இறங்கினார். பின்னால் வந்தவர்களையும் கையால் மறித்தார். அவர்கள் எல்லோரும் கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுற்றிப் போய், ஒருவர் பின் ஒருவராக அந்தக் கல்லில் ஏறி வந்தார்கள். மற்றவர்கள் வாசற்படிக்குள்ளேயே நின்றுகொண்டார்கள். செல்வரட்ணம் மட்டும் நடுவால் நடந்து எங்கள் வரிசைக்கு வந்தார்.

“சின்னக் கோயில்தான், சம்மந்தி” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“ஓம். சின்னன்” என்றார் சந்தியோகு அண்ணை. “நான்தான் பெருப்பிச்சுச் சொல்லிப்போட்டன். ஆனா எங்கடை ஊர் முழுக்க இதுக்குள்ளைதான் இருந்தது. ஒருத்தரும் வெளியிலை நிக்கேல்லை.”

செல்வரட்ணம் வரிசைகளைப் பார்த்தார். இடையிடையே கிடந்த வெறும் சிவப்பைப் பார்த்தார். “இப்பவும் இடம் மிச்சமாத்தான் கிடக்குது.”

“அது மிச்சமில்லை. அந்தந்த ஆக்களின்ரை இடம்.”

அவருக்கு விளங்கியது. குருநகர் மண்டபத்தின் சாளரத்தால் பார்த்துச் சிரித்த ஆட்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கக் கூடும். தலைக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அப்ப நான் எங்கை இருக்கிறது?”

அண்ணை தூண் கல்லில் இருந்து கையை எடுத்தார். தனக்கும் எனக்கும் நடுவில், அருளப்புவின் இடத்தில், உள்ளங்கையை வைத்தார். பொக்களித்த கை. “இதிலை இருங்கோ” என்றார்.

செல்வரட்ணம் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி இருந்தார். பெர்னடெட் மச்சாளின் குரல் இரண்டாம் காரணிக்கத்தைத் தொடங்கியது. சிற்றலை பின்னால் இருந்து கேட்டது.

“சம்மந்தி,” என்று அவர் அண்ணையின் காதுக்குள் சொன்னார், “ஐப்பசியிலை மழை வந்திடும். பந்தலுக்குக் கிடுகு காணாது. தகரம்தான் போடவேணும்.”

“செபத்துக்கை கதைக்கக் கூடாது” என்றார் அண்ணை.

அருளப்பு ஒல்லியான ஆள். செல்வரட்ணம் அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. அவர் முழங்கையால் என்னை மெல்லத் தொட்டு, “கொஞ்சம் அங்காலை அரக்குங்கோ” என்றார். எனக்கு இடம் காட்டித் தந்த நாளில் இருந்து எவருக்காகவும் நான் அந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. அன்று அரக்கி இருந்தேன்.